காரைக்குடிக்கு வரும் பண்ணைப் பால்: பாலில் குறையில்லை, சீட்டில் இருக்கிறது

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் வட்டாரத்தில் விடியற்காலையில் கண்ணாடிப் புட்டியில் பால் கொண்டுவந்து வைக்கும் பண்ணைகள் இப்போது சில இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் மாதச் சந்தா கட்டிப் பால் வாங்கி வருகிறேன். பண்ணையின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை இந்த ஒரு பண்ணைக்கு மட்டும் உரியதன்று. மேலும், இதன் உரிமையாளர் கேட்ட கேள்விகளுக்கு மழுப்பாமல் பதில் சொன்னவர்.

பாலைப் பொறுத்தவரை மனநிறைவுதான். லிட்டர் 90 ரூபாய் என்பது பாக்கெட் பாலோடு ஒப்பிட்டால் கூடுதல் என்றாலும், தண்ணீர் கலப்பு இல்லை. காய்ச்சி ஆறவைத்தால் கரண்டியால் வழித்தெடுக்கும் அளவுக்கு ஆடை படிகிறது. உறை ஊற்றிய தயிர் மறுநாள் கிண்ணத்தைச் சாய்த்தாலும் அசைவதில்லை. பசும்பாலில் பால் பணியாரம் செய்கிறவர்களுக்கு இந்தப் பாலின் கனம் பிடிக்கும். புட்டிகளில் சோப்பு வாடையோ புளித்த வாடையோ வருவதில்லை. பெரும்பாலும் ஆறரை மணிக்குள் பால் வந்துவிடுகிறது. முகப்புத் திண்ணையில் வைத்துவிட்டு மணியடிக்காமல் போய்விடும் பையனிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும், பூனைகள் இருக்கின்றன. விளம்பரத்தில் 'நாட்டு மாட்டுப் பால்' என்று போட்டிருந்தாலும் கொட்டகையில் பாதிக்குமேல் ஜெர்சிக் கலப்பினப் பசுக்கள்தாம். அதை மறைக்காமல் காட்டவும் செய்கிறார்கள்.

குறை, முதல் நாள் புட்டியோடு சேர்த்துக் கொடுத்த அச்சிட்ட சீட்டில் இருக்கிறது. 'காய்ச்சினால் பாலின் உயிர்ச்சத்து போய்விடும், கறந்த பாலை அப்படியே அருந்துங்கள், குழந்தைகளுக்கு மிக நல்லது' என்று அதில் எழுதியிருக்கிறார்கள். பாலைக் காய்ச்சுவதால் சில வைட்டமின்கள் ஓரளவு குறையும் என்பது உண்மை. புரதத்துக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் குறிப்பிடும்படி எந்தக் கேடும் இல்லை. அந்தச் சிறிய இழப்பைத் தவிர்ப்பதற்காக, பரிசோதிக்கப்படாத மாட்டின் பச்சைப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. பச்சைப் பாலால் வரும் நோய்கள் பல. அவற்றுள் நம் பக்கத்தில் யாரும் பேசாத ஒன்று மாட்டுக் காசநோய்.

மைக்கோபாக்டீரியம் போவிஸ் என்ற கிருமியும் அதன் நெருங்கிய உறவுக் கிருமிகளும் மாடுகளுக்குக் காசநோயை உண்டாக்குகின்றன. ஒரே கொட்டகையில் நெருக்கமாகக் கட்டப்பட்ட மாடுகளுக்கிடையே அது மூச்சுக்காற்றின் வழியே பரவுகிறது. நோய் முற்றிய மாடு இளைக்கும், விட்டுவிட்டு இருமும், நெறிக்கட்டிகள் வீங்கும். ஆனால் தொற்றிய மாடுகளில் பல, மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், எந்த அறிகுறியும் காட்டாமல் தீவனம் தின்று, கன்று ஈன்று, பாலும் கறக்கும். தொற்றிய மாடுகளில் சிலவற்றுக்குத்தான் மடியில் நோய் இறங்கிப் பாலில் கிருமி வரும் என்றாலும், பல மாடுகளின் பாலை ஒரே கேனில் ஊற்றிக் கலக்கும் பண்ணையில் அப்படிப்பட்ட ஒரு மாடே போதும். கலப்பின மாடுகள் இந்நோய்க்கு எளிதில் ஆட்படுகின்றன. நாட்டு மாட்டுக்கு வரவே வராது என்பதும் சரியன்று.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு பண்ணைக்குப் போனபோது, உரிமையாளர் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். கோமாரித் தடுப்பூசி, தோல் கழலை நோய்க்கான ஊசி, கிடேரிக் கன்றுகளுக்குக் கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி, சினை ஊசி போட்ட தேதி, குடற்புழு மருந்து என எல்லாம் மாட்டின் காதுத்தோட்டு எண் வாரியாக எழுதப்பட்டிருந்தன. இந்த அளவு ஒழுங்கை நான் எதிர்பார்க்கவில்லை. காசநோய்ப் பரிசோதனை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டேன். "டிபி மனுசனுக்கு வர்றதுதானே ஆச்சி, மாட்டுக்கு ஏது?" என்றார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. காசநோய்க் கிருமியை 1882இல் கண்டறிந்த ராபர்ட் காக்கே, 1901இல் லண்டனில் நடந்த காசநோய் மாநாட்டில், மாட்டுக் காசநோயால் மனிதருக்குப் பெரிய ஆபத்து இல்லை, அதற்காகத் தனி நடவடிக்கை வேண்டியதில்லை என்று பேசினார். அதைச் சரிபார்க்க பிரிட்டன் அமைத்த அரச ஆணையம், மாட்டிடமிருந்து மனிதருக்கு, குறிப்பாகப் பால் வழியே குழந்தைகளுக்கு, நோய் வருகிறது என்று 1911இல் முடிவாகச் சொன்னது.

பரிசோதனை அப்படியொன்றும் அரிதான வித்தை அன்று. இன்னொரு பண்ணையில் கால்நடை மருத்துவர் செய்தபோது அருகில் நின்று பார்த்திருக்கிறேன். மாட்டின் கழுத்தில் ஒரு சாண் இடைவெளிக்கும் குறைவாக இரண்டு இடங்களில் மயிரைச் சிரைத்து, தோலை மடித்துப் பிடித்துக் காலிப்பரால் கனத்தை அளந்து எழுதிக்கொண்டார். மேலே பறவைக் காசநோய்க் கிருமியின் டியூபர்குலினும் (கிருமியிலிருந்து பிரித்தெடுத்த புரதம்), கீழே மாட்டுக் காசநோய்க் கிருமியின் டியூபர்குலினுமாகத் தலா 0.1 மில்லி, தோலுக்குள் ஏறுமாறு செலுத்தினார். 72 மணி நேரம் கழித்து அதே இடத்தை மறுபடியும் அளக்க வேண்டும். மாட்டு டியூபர்குலின் போட்ட இடம் மற்றதைவிட 4 மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாகத் தடித்திருந்தால் தொற்று என்று கொள்கிறார்கள். ஐயமான அளவில் இருந்தால் குறைந்தது 42 நாள் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். மண்ணில் உள்ள வேறு மைக்கோபாக்டீரியங்களால் தோல் தடித்து ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காகவே பறவைக் கிருமி ஊசி. அப்போதும் இது பிழையற்ற சோதனை அன்று. தொற்றிய புதிதிலும், அண்மையில் கன்று ஈன்ற பசுவிலும், நோய் மிக முற்றிய மாட்டிலும் ஊசி போட்ட இடம் சும்மா இருந்துவிடக்கூடும்.

இதை விளக்கியபோது உரிமையாளர் கேட்ட எதிர்க்கேள்விதான் இந்த விஷயத்தின் முடிச்சு. "சரி ஆச்சி, தடிச்சுருச்சுன்னா அந்த மாட்டை நான் என்ன பண்றது?" மாட்டுக்குக் காசநோய் மருந்து கொடுத்துக் குணப்படுத்தப் பார்ப்பது பரிந்துரைக்கப்படுவதில்லை, சிகிச்சை நீண்டது, கிருமி முழுதாக ஒழிந்ததென்று உறுதியில்லை, மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்துவிடும் அபாயமும் உண்டு. அமெரிக்கா 1917இலேயே மாடுகளைப் பரிசோதித்து, நோய் கண்டவற்றைக் கொன்று அகற்றும் திட்டத்தைத் தொடங்கியது. பிரிட்டன் போன்ற நாடுகளிலும் நோய் கண்ட மாட்டை அகற்றி விவசாயிக்கு இழப்பீடு தருகிறார்கள். இந்தியாவில் அப்படியொரு நாடு தழுவிய கட்டாயத் திட்டம் இல்லை. ஆகவே பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பசுவைப் பரிசோதித்துத் தானே நட்டப்படுவதைவிட, பரிசோதிக்காமல் இருப்பது பண்ணைக்காரருக்கு லாபம். பரிசோதித்தவரும் அந்த மாட்டைச் சத்தமில்லாமல் சந்தைக்கு ஓட்டிவிட்டால் நோய் அடுத்த கொட்டகைக்குப் போகும். அவருடைய கேள்விக்கு என்னால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. நோய் கண்ட மாட்டைத் தனியே கட்டி, அதன் பாலைக் கலக்காமல் விட்டு, கால்நடை மருத்துவர் சொல்படி நடக்கலாம் என்பதற்குமேல் அரசுதான் பதில் சொல்ல வேண்டும். இந்திய மாடுகள் குறித்த ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வுக் கட்டுரை, ஏறத்தாழ 7.3 விழுக்காடு, அதாவது 2 கோடிக்கும் மேற்பட்ட மாடுகளுக்குத் தொற்று இருக்கலாம் என்று கணித்தது.

மனிதர் பக்கம் வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019இல் உலகெங்கும் 1,40,000 பேருக்கு விலங்கு வழிக் காசநோய் புதிதாக வந்தது. 11,400 பேர் இறந்தனர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி நோயாளிகளின் மாதிரிகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வில், போவிஸைவிட அதன் உறவான மைக்கோபாக்டீரியம் ஒரிஜிஸ் கிருமியே காணப்பட்டது. ஆகவே போவிஸை மட்டும் தேடினால் நம் நாட்டில் நோய் கண்ணில் படாது. பாலால் வரும் தொற்று பெரும்பாலும் நுரையீரலில் தொடங்காமல், கழுத்து நெறிக்கட்டியாகவோ வயிற்றுக் காசநோயாகவோ வெளிப்படுகிறது. வழக்கமான சளிப் பரிசோதனையும் ஜீன் எக்ஸ்பர்ட் கருவியும் காசநோய் என்று சொல்லுமே தவிர, அது மனிதக் கிருமியா மாட்டுக் கிருமியா என்று பிரித்துச் சொல்வதில்லை. போவிஸ் கிருமி, காசநோய்க்கு வழக்கமாகத் தரும் மருந்துகளில் ஒன்றான பைரசினமைடுக்கு இயல்பாகவே அடங்காது என்பதால் இந்த வேறுபாடு சிகிச்சையில் முக்கியமாகிறது. கழுத்தில் கட்டியோடு மருத்துவரிடம் போகிறவர்கள், பச்சைப் பால் குடிக்கும் பழக்கம் இருந்தால் தாமாகவே அதைச் சொல்லிவிட வேண்டும். தொற்று மறுதிசையிலும் போகும். காசநோய் உள்ள கறவைக்காரரிடமிருந்து மாட்டுக்கு வரலாம் என்பதால், பண்ணையில் வேலை செய்பவர்களின் இருமலையும் கவனித்தாக வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது மிக எளிது. 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி, அல்லது 63 டிகிரியில் 30 நிமிடம் இருந்தாலே இக்கிருமி செத்துவிடும். நம் அடுப்படியில் பால் பொங்கி எழும்வரை காய்ச்சுவது அதற்கும் மேலான காப்பு. ஆனால் காய்ச்சாத பாலில் உறை ஊற்றிய தயிரும், அதில் எடுத்த வெண்ணெயும் பாதுகாப்பானவை என்று எண்ணக் கூடாது. புளிப்பு இக்கிருமியை நம்பத்தக்க அளவில் கொல்வதில்லை. உடம்பு தேற்றுவதற்காகப் பச்சை முட்டையைப் பச்சைப் பாலில் அடித்துக் குடிக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கும் ஊர் இது. அபிஷேகப் பாலை வீட்டுக்குக் கொண்டுவந்தால் காய்ச்சிக் கொடுப்பதில் பக்திக் குறைவு ஒன்றுமில்லை என்பது என் கருத்து.

சுவைக்கும் சுத்தத்துக்கும் ஐந்துக்கு நான்கரை, நேரத்துக்கு நான்கு, சீட்டில் உள்ள அறிவுரைக்குப் பூஜ்யம். சந்தாவை நிறுத்தவில்லை; காய்ச்சியே பயன்படுத்துகிறேன். அந்த வரியை நீக்கி, 'காய்ச்சிப் பருகவும்' என்று அச்சிடும்படியும், நோட்டில் காசநோய்ப் பரிசோதனைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி அதன் தேதியைச் சந்தாதாரர்களுக்குத் தெரிவிக்கும்படியும் உரிமையாளரிடம் கேட்டிருக்கிறேன். சீட்டை மாற்றுவதாக ஒப்புக்கொண்டார். பரிசோதனையைப் பற்றிக் கால்நடை மருந்தகத்தில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இந்த மாதப் பாலோடு வந்தது பழைய சீட்டுத்தான்.