பிடோக் மையத்தில் ஐபிபிடி: யந்திரமே எண்ணட்டும்

சிங்கப்பூர் ராணுவத்தின் உடலுறுதித் தேர்வான ஐபிபிடியை இந்த வருடம் பிடோக் முகாமில் இருக்கும் உடலுறுதி மையத்தில் முடித்தேன். எங்கே போகலாம் என்று கேட்டவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிடோக் போகலாம், தாராளமாகப் போகலாம். இடம் சுத்தமாக இருக்கிறது, பயிற்றுநர்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள், ஓடுபாதையும் நன்றாக இருக்கிறது. ஆனால் இதையெல்லாம் சொல்வதற்காக நான் எழுத உட்காரவில்லை. அங்கே தண்டாலையும் சிட்-அப்பையும் மனிதர் எண்ணுவதில்லை, யந்திரம் எண்ணுகிறது, 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் யாரும் கையில் கடிகாரம் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை, நாம் மாட்டிக்கொள்ளும் எண் சட்டையில் உள்ள மின்னணுச் சில்லு நேரத்தைப் பதிந்துவிடுகிறது. கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் எனக்குக் கிடைத்த வசதிகளில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

சிங்கப்பூருக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். இங்கே முழுநேர தேசிய சேவை முடிந்த பிறகும் போர்க்காலப் படைவீரர்களாக (தேவைப்பட்டால் திரும்ப அழைக்கப்படுபவர்களாக) இருக்கும் வரை உடலுறுதிக் கடமை வருடா வருடம் உண்டு. முன்பு தேர்வில் ஐந்து அங்கங்கள் இருந்தன, 2015-லிருந்து மூன்றுதான்: ஒரு நிமிடம் தண்டால், ஒரு நிமிடம் சிட்-அப், அப்புறம் ஓட்டம். மொத்தம் 100 புள்ளி, அதில் பாதி ஓட்டத்துக்கு. 51 எடுத்தால் தேர்ச்சி, 61 எடுத்தால் 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 75-க்கு 300 வெள்ளி, 85-க்குத் தங்கத் தகுதியும் 500 வெள்ளியும். தேறாவிட்டால் அதே ஆண்டுக் கெடுவுக்குள் என்எஸ் ஃபிட் என்ற உடலுறுதிப் பயிற்சிக்குப் பத்துத் தடவை போய் முடிக்க வேண்டும். வேலை, குடும்பம், குழந்தை என்று இருப்பவருக்கு அந்தப் பத்து மாலைகள் எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆக ஒரே ஒரு தண்டால் கூடினால் பணம் வரும், ஒன்று குறைந்தால் பத்து மாலை போகும். அந்த எண்ணை எழுதும் பேனா ஒரு நண்பன் கையில் இருந்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். முழுநேரச் சேவையில் நான் இருந்த ஒரு பிரிவில், எது என்று சொல்லப் போவதில்லை, சிட்-அப்பில் காலைப் பிடித்துக்கொள்பவனேதான் எண்ணுவான். முதுகு முழுசாகத் தரையில் படாததையும் எண்ணுவான், பாதியில் நின்றுபோனதையும் எண்ணுவான். அட்டையில் எழுதும்போது பக்கத்தில் நிற்கும் சார்ஜென்ட் "பார்த்துப் போடுடா" என்பார், அவ்வளவுதான், அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அலுவலகச் சுவரில் கம்பெனி (படைப் பிரிவு) வாரியாகத் தேர்ச்சி விழுக்காடு தொங்கிக்கொண்டிருக்கும், அதைக் கூட்டத்தில் கேட்கப்போவது சார்ஜென்டுக்கு மேலே இருப்பவர், அவரைக் கேட்கப்போவது அவருக்கும் மேலே இருப்பவர். அந்த வரிசையில் யாரும் கெட்டவர்கள் இல்லை. எண்ணிக் கொடுத்தவன் நண்பனுக்கு உதவி செய்வதாகத்தான் நம்பினான். பிறகு நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. அப்படித் தேறியதாக எழுதப்பட்ட ஒருவனை உடல் தகுதி உள்ளவன் என்று நம்பி நீண்ட நடைப் பயிற்சியில் முன் வரிசையில் போட்டார்கள், பாதி வழியிலேயே அவனால் முடியவில்லை, அவன் மூட்டையையும் துப்பாக்கியையும் வேறு இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். நம் ஊர் வெயிலில், நம் ஊர் ஈரப்பதத்தில், அது மூட்டையோடு முடிந்தது நல்ல நேரம். உடல் சூடு ஏறி விழுந்திருந்தால் அட்டையில் இருந்த பொய் எண்ணுக்கு யார் பதில் சொல்வது?

அதனால்தான் பிடோக்கில் அந்த யந்திரத்தில் கையை ஊன்றும்போது எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. போதுமான அளவு இறங்கவில்லையா, எண் ஏறாது. கையை முழுசாக நீட்டவில்லையா, எண் ஏறாது. எனக்கும் இரண்டு தண்டால் ஏறவில்லை, ஒன்று நியாயம், இன்னொன்று நான் சரியாகத்தான் செய்தேன் என்று இன்றும் நினைக்கிறேன். பயிற்றுநரிடம் கேட்டேன், முழங்கை எங்கே விரிந்தது என்று பொறுமையாகச் செய்து காட்டினார், எண்ணை மட்டும் மாற்றவில்லை. மாற்றாமல் இருந்ததுதான் சரி. பக்கத்து வரிசையில் ஒரு பெரிய அதிகாரி மாதிரி தெரிந்த அண்ணன் ஒருவர் இருந்தார், அவருக்கும் அதே குரல், அதே எண்ணிக்கை. "என்சிக் (வாரன்ட் அதிகாரி) கோபித்துக்கொள்வாரே, சார் என்ன நினைப்பாரே" என்ற பயம் எண்ணுகிற இடத்தில் இல்லவே இல்லை. நண்பனின் தலையில் இருந்த சுமையையும் அது இறக்கிவிட்டது, இனி யாரும் யாரிடமும் "கொஞ்சம் கூட்டிப் போடு" என்று கேட்க முடியாது, கேட்கப்பட்டவன் சங்கடப்படவும் வேண்டாம்.

இது சிங்கப்பூர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்கத் தரைப்படைப் போர்க் கல்லூரியைச் சேர்ந்த லெனர்ட் வோங், ஸ்டீபன் கெராஸ் இருவரும் 2015-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள், இருவருமே முன்னாள் ராணுவ அதிகாரிகள். பொய்யான அறிக்கைகளில் கையெழுத்திடுவது அதிகாரிகளுக்குப் பழகிப்போய், அது பொய் என்றே உறைக்காத அளவுக்கு மரத்துப்போய்விட்டது என்று வெளிப்படையாக எழுதினார்கள். காரணமாக அவர்கள் காட்டியது கெட்ட மனத்தை இல்லை, சுமையை. வோங் 2002-ல் செய்த கணக்கு ஒன்று இருக்கிறது: ஒரு வருடத்தில் பயிற்சிக்குக் கிடைக்கும் நாட்கள் 256, கட்டாயம் என்று மேலிருந்து வந்த பயிற்சிகளுக்குத் தேவையான நாட்கள் 297. மீதி நாட்களை எங்கிருந்து கொண்டுவருவது? காகிதத்திலிருந்துதான். அங்கே உடற்தகுதித் தேர்வையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், 2022 அக்டோபரில் ஒன்று, 2025 ஜூனில் இன்னொன்று. தண்டாலில் ஒவ்வொரு தடவையும் கீழே போய்க் கையைத் தரையிலிருந்து எடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது, பாதி இறங்கியதை முழுசாக எண்ணிவிட முடியாதபடி அது தடுக்கும், நல்ல விதிதான். ஆனால் பார்த்து எண்ணுவது இன்னமும் சக வீரர். எங்கள் யந்திரத்தை அவர்கள் வந்து பார்க்கலாம் என்பது என் கருத்து.

குறைகளும் உண்டு. மாலை நேர இடங்கள் சீக்கிரம் நிறைந்துவிடுகின்றன, பிறந்தநாளை வைத்துக் கணக்கிடும் கெடு முடியும் வாரம் வரை காத்திருந்தால் கிடைக்காமல் போகலாம். மின்னல் எச்சரிக்கை வந்தால் ஓட்டம் நிற்கும், "கேட் ஒன்" (மின்னல் அபாயம் அதிகம்) என்று அறிவித்தவுடன் எல்லோரும் கூரைக்குக் கீழே, எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, உயிர் முக்கியம். ஆனால் மாலையில் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் போங்கள்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு இடம். தேர்வுக்கு முன்னால் உடல்நிலை பற்றிய கேள்விகள் வரும்: நெஞ்சு வலி உண்டா, மருந்து எடுக்கிறீர்களா, சரியாகத் தூங்கினீர்களா, காய்ச்சல் இருந்ததா. இந்தப் பதிவை எந்தச் சில்லும் எழுதுவதில்லை, நாமே எழுதுகிறோம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு தம்பி கேள்வியைப் படிக்காமலே இல்லை, இல்லை, இல்லை என்று தட்டிக்கொண்டு போனார். அதே வாயால் பின்னால் இருந்த நண்பனிடம் நேற்று இரவுப் பணி முடிந்து நேராக வருகிறேன், தூங்கவே இல்லை என்றார். அவருக்கு அது பொய்யாகவே தோன்றியிருக்காது. மறுபடி ஒரு நாள் பதிவு செய்ய வேண்டுமே என்ற அலுப்புதான். நான் சொன்னேன், "தம்பி, தூங்கலைனா இன்னைக்கு ஓட வேண்டாம், தேதியை மாத்திக்கலாம்" என்று. சிரித்துவிட்டு உள்ளே போனார். நல்லபடியாக ஓடி முடித்தார், அதில் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அவருடைய பெயரில் இருக்கும் அந்தப் பதிவு உண்மை இல்லை. கூட்டிப் போட்ட சிட்-அப்பை விட இது ஆபத்தானது.

மையத்துக்கு என் கோரிக்கை ஒன்றுதான். எண்ணும் வேலையிலிருந்து விடுபட்ட பயிற்றுநர்களில் ஒருவரை நுழைவாயிலில் உட்கார வைத்து, அந்தக் கேள்விகளில் மூன்றையாவது முகத்தைப் பார்த்து வாயால் கேட்கச் சொல்லுங்கள். இன்று வேண்டாம் என்று திரும்பிப் போகிறவருக்கு அங்கேயே, அந்த நிமிடமே, அடுத்த தேதியைப் பதிந்து கொடுங்கள். திரும்பிப் போவது சுலபமானால் உண்மை சொல்வதும் சுலபமாகும். போகிறவர்கள் காலை நேரத்தைப் பதிவு செய்யுங்கள், வெயில் ஏறுவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். முதல் நாள் இரவு நன்றாகத் தூங்குங்கள். தண்டாலில் முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துப் பழகிவிட்டுப் போனால் யந்திரம் ஒன்றையும் விடாமல் எண்ணும்.