தோலா, துணியா, பழைய அட்டையா? குமரிக் காற்றில் குழந்தைகள் செவ்வியல் நூல் சேகரிப்பு

கன்னிப்பூ நெல்லுக்கு ஒரு மழை, கும்பப்பூ நெல்லுக்கு ஒரு மழை என்று ஆண்டுக்கு இரண்டு பருவம் நனையும் மாவட்டம் கன்னியாகுமரி. வயலுக்கு நல்லது, புத்தக அலமாரிக்குச் சோதனை. லண்டனிலோ நியூயார்க்கிலோ எழுதப்பட்ட சேகரிப்பாளர் கையேடுகள் எந்தக் கட்டு (பைண்டிங்) உயர்ந்தது என்று சொல்லும்போது அங்குள்ள காற்றை மனத்தில் வைத்துச் சொல்கின்றன. குளச்சலிலும் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் அந்த வரிசை அப்படியே செல்லாது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். இங்கே ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் அது அன்றாட நிலை.

குழந்தைகள் செவ்வியல் நூல்களை அழகாகவும் அரிதாகவும் சேர்க்க நினைப்பவர் முன் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன: அசல் கட்டிலேயே பழைய முதற்பதிப்பு, ஈஸ்டன் பிரஸ் வகை முழுத்தோல் பதிப்பு, ஃபோலியோ சொசைட்டி வகை துணிக்கட்டும் உறைப்பெட்டியும் (முதுகு மட்டும் வெளியே தெரியும் அட்டைப் பெட்டி), தமிழில் வந்த பழைய பதிப்புகள், குறிப்பாக மாஸ்கோ அச்சுப் புத்தகங்கள். எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த மாவட்டத்தில் துணி தோலை வெல்லும். முதற்பதிப்பு பொறுமையும் பணமும் உள்ளவருக்கு. நான்காவது வழியைத்தான் இங்குள்ளவர்கள் அவசரமாகக் கையிலெடுக்க வேண்டும்.

தோலும் துணியும்

அமெரிக்காவின் ஈஸ்டன் பிரஸ் பதிப்பைக் கையில் எடுத்தாலே கனம் தெரியும். முதுகில் மேடு மேடாகப் பட்டைகள், 22 காரட் தங்க அச்சு, மூன்று ஓரமும் பொன்பூச்சு, அலையலையான பட்டு உள்தாள், அடையாளத்துக்கு ஒரு பட்டு நாடா. உள்ளே நூல் தையல், அமிலம் நீக்கிய தாள். இதில் பொன்பூச்சு வெறும் அலங்காரமல்ல. மேல் ஓரத்தில் தூசி இறங்காமல் தடுக்கத்தான் பழங்காலத்திலேயே அதைப் பூசினார்கள். புதுப்பிரதியில் பொன் ஓரம் பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும். நடுவில் பிளந்து திறந்தால் முதுகு உடையும். முன்னிருந்து பத்துத் தாள், பின்னிருந்து பத்துத் தாள் என்று மாறி மாறி மெதுவாக அழுத்தித் திறந்து வரவேண்டும்.

குறை எங்கே என்றால், தோல் பூஞ்சைக்குச் சாப்பாடு. அதிலுள்ள கொழுப்பும் புரதமும் ஈரத்தோடு சேர்ந்தால் ஒரே சாரலில் வெள்ளைப் பொடி பூத்துவிடும். அதைப் பார்த்ததும் பலர் தேங்காயெண்ணெய் தடவுகிறார்கள். அது மிகப்பெரிய தவறு. எண்ணெய் தோலைக் கருக்கும், பிசுபிசுக்கும், நாளடைவில் சிக்கடித்து அடுத்த பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். விசிறிக் காற்றில் முதலில் காயவைத்து, முகமூடி போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான தூரிகையால் தட்டுவதே போதும். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பொடி தோலின் நுண்துளைக்குள் இறங்கிவிடும். ஆல்கஹாலும் வேண்டாம், தோலின் சாயத்தைக் கரைத்துவிடும்.

'லெதர்' என்று போட்டு மலிவாக விற்பவற்றில் பெரும்பகுதி தோல்தூளைப் பிளாஸ்டிக் பிசினோடு கலந்து தகடாக்கியது. பிசின் பாலியூரித்தேனாக இருந்தால் ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடத்தில் அது சிதைந்து, சில ஆண்டுகளில் செதிள் செதிளாக உரியும். அட்டையின் உள்பக்கம் மடித்து ஒட்டிய விளிம்பைப் பாருங்கள். நார் தெரிந்தால் தோல். வெட்டுமுகம் வழவழப்பாக, அடியில் துணியோ தாளோ இருந்தால் கலவை. அதற்குக் கொடுக்கும் காசில் நல்ல துணிக்கட்டே வாங்கிவிடலாம்.

1947இல் லண்டனில் தொடங்கிய ஃபோலியோ சொசைட்டியின் பலம் வேறு. புதிதாக வரையப்பட்ட ஓவியங்கள், தடித்த நல்ல தாள், துணி அட்டை, அதற்கென்று ஓர் உறைப்பெட்டி. குழந்தைகள் நூலுக்கு ஓவியம்தான் உயிர் என்று நினைப்பவருக்கு இதுவே பொருத்தம். வாங்குமுன் முதுகின் உச்சியைப் பாருங்கள். தாள்கள் சின்னச் சின்ன மடிப்புக் கட்டுகளாகத் தெரிந்தால் நூல் தையல். தட்டையாக ஒரே பசைப் படலமாக இருந்தால் வெறும் பசைக்கட்டு. எந்த நிறுவனமானாலும் ஒவ்வொரு தலைப்பையும் தனித்தனியே பார்ப்பதுதான் சரி.

துணிக்கும் பகை உண்டு. கஞ்சி ஏற்றிய துணியை இராமபாணப் பூச்சியும் கரப்பானும் சுரண்டித் தின்னும். அட்டையில் வெளுத்த திட்டுகள் தெரிந்தால் அது சாயம் போனதல்ல, பூச்சி மேய்ந்த தடம். தண்ணீர்த் துளி விழுந்தாலும் கஞ்சித் துணியில் கறை நிற்கும். மேற்பூச்சுள்ள பக்ரம் என்ற கெட்டித் துணி இரண்டையும் தாங்கும். உறைப்பெட்டியைப் பற்றி ஒரு எச்சரிக்கை: சாரல் மாதங்களில் அது ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும். மழை விட்ட வாரத்தில் புத்தகத்தை வெளியே எடுத்து, விசிறி ஓடும் அறையில் ஒரு பகல் நிறுத்திவைத்துவிட்டு உள்ளே போடுங்கள். வெயிலில் வைக்கக் கூடாது. பெட்டிக்குள் இருந்தாலும் முதுகு வெளியே தெரிவதால் சிவப்பும் ஊதாவும் அங்கே மட்டும் வெளிறும்.

பழைய ஆடம்பரப் பதிப்புகளில் வெல்லம் (vellum) என்று ஒன்று உண்டு, பதனிடாமல் இழுத்துக் காயவைத்த கன்றுத்தோல். ஆர்தர் ராக்கம் ஓவியம் வரைந்த 1906ஆம் ஆண்டு பீட்டர் பான் நூலில் 500 பிரதிகள் அப்படிக் கட்டப்பட்டு அவர் கையெழுத்தோடு வந்தன. இந்த வகையில் அட்டையோரத்தில் பட்டு நாடா வைத்திருப்பார்கள். ஈரத்தில் வெல்லம் விரிந்து அட்டை வில்லாக வளையும், நாடா அதை இழுத்துப் பிடிக்கும். எவ்வளவு அழகாக இருந்தாலும், குளிர்சாதன அறை இல்லாத வீட்டில் இதை வாங்கிவைக்கச் சொல்ல மாட்டோம்.

முதற்பதிப்பு என்றால் எது

இதில் பணம் போவது பெரும்பாலும் அவசரத்தால். 'பழையது, நீலத் துணி, பொன் அச்சு' என்பது முதற்பதிப்புக்கு அடையாளமல்ல. கிப்ளிங்கின் ஜங்கிள் புக் 1894இல் மாக்மில்லன் வெளியிட்டது. பின்னால் வந்த மறுபதிப்புகளும் ஏறக்குறைய அதே நீலத் தோற்றத்தில் வந்தன. தலைப்புப் பக்கத்தைத் திருப்பி மறுபதிப்புக் குறிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் விலை பேசக் கூடாது. 'இந்தியாவிலும் காலனி நாடுகளிலும் மட்டும் விற்பனைக்கு' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் அது காலனிப் பதிப்பு. படிக்க நன்றாக இருக்கும், ஆனால் முதற்பதிப்பு விலைக்குத் தகாது.

ஒரு நூலுக்கு ஒரு அடையாளம் என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். பீட்டர் ராபிட் 1901 டிசம்பரில் பியாட்ரிக்ஸ் பாட்டர் சொந்தச் செலவில் 250 பிரதி அச்சிட்டது. 1902 அக்டோபரில் வார்ன் நிறுவனம் கடைக்குக் கொண்டுவந்தது. வார்னின் ஆரம்ப அச்சுகளில் 51ஆம் பக்கத்தில் 'வெப்ட்' (wept) என்ற சொல் இருக்கும், பின்னால் அது 'ஷெட்' (shed) ஆனது. 1903இல் வண்ண உள்தாள் சேர்க்க இடம் வேண்டிச் சில ஓவியங்களை எடுத்துவிட்டார்கள், ஆக ஓவியத்தை எண்ணினாலே பாதி உண்மை தெரியும். லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதையின் 1865ஆம் ஆண்டு அச்சு, படங்கள் சரியாகப் பதியவில்லை என்று ஓவியர் டென்னியல் சொன்னதால் திரும்பப் பெறப்பட்டது. கடைக்கு வந்த லண்டன் பதிப்பில் 1866 என்றிருக்கும். டோல்கீனின் ஹாபிட் 1937 செப்டம்பரில் 1500 பிரதி. ஹாரி பாட்டர் முதல் பாகம் 1997இல் கெட்டி அட்டையில் 500 பிரதி. அதன் பதிப்புரிமைப் பக்க எண்வரிசை 10இல் தொடங்கி 1 வரை இறங்க வேண்டும், 53ஆம் பக்கத்துப் பட்டியலில் '1 வாண்ட்' (1 wand) இருமுறை வர வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டு நூல்களில் மதிப்பின் பெரும்பங்கு மேலுறைத் தாளில் இருக்கிறது. நம் ஊரில் பள்ளிக்கூடப் பழக்கமாக மேலுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழுப்புத்தாள் அட்டை போடுவார்கள், அல்லது செல்லோ டேப்பால் கிழிசலை ஒட்டுவார்கள். டேப்பின் பசை சில ஆண்டில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும், பிறகு எடுக்க முடியாது. தெளிவான பாலியெஸ்டர் தாளைத் தளர்வாகச் சுற்றுங்கள். லேமினேட் செய்வது மீட்கவே முடியாத சேதம்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் கவனிக்க: அச்சுப் புத்தக இறக்குமதிக்கு 2019 ஜூலை நிதிநிலை அறிக்கையில் 5 சதவீதச் சுங்கவரி வந்தது. அதைக் கணக்கிடுவது புத்தக விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்த்து. முடிந்தால் தை, மாசியில் வந்துசேரும்படி ஆர்டர் போடுங்கள்.

மறுகட்டு என்னும் கண்ணி

தளர்ந்துபோன பழைய பிரதியைப் பக்கத்து பைண்டரிடம் கொடுத்துப் புதுசாக்கிவிடலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். அலுவலக லெட்ஜரும் பள்ளி நோட்டும் கட்டிப் பழகிய கை மூன்று காரியத்தை வழக்கமாகவே செய்யும். ஓரம் மூன்றையும் கட்டிங் மெஷினில் சீவும். முதுகோரமாகக் குறுக்கே துளைபோட்டுத் தைக்கும், பிறகு புத்தகம் விரியாது. பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்கும். துத்தத்திலுள்ள செம்பு காகிதத்தின் சிதைவை விரைவுபடுத்தும், பசை பட்ட இடம் பழுப்பாகி நொறுங்கும். இவர்கள் வேலையில் குறையில்லை, லெட்ஜருக்கு அதுதான் சரியான முறை. சேகரிப்பு நூலென்றால் கொடுக்கும்போதே சொல்லுங்கள்: 'ஓரம் வெட்ட வேண்டாம், செக்‌ஷன் தையல் (மடிப்புக் கட்டு கட்டாகத் தைப்பது) போடுங்க, துத்தம் சேர்க்காதீங்க, பழைய அட்டையைத் தூக்கிப் போடாதீங்க.' அதைவிட நல்லது மறுகட்டே செய்யாமல், அளவெடுத்து காலிக்கோத் துணி ஒட்டிய ஒரு பெட்டி செய்யச் சொல்வது. அசல் அட்டையில் கொஞ்சம் தளர்ந்த புத்தகத்துக்குத்தான் புது ராக்சின் அட்டையைவிட மதிப்பு.

தமிழ்ப் பதிப்புகள்

குழந்தைகளுக்குப் பாட்டெழுதிய கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876இல் பிறந்தது தேரூரில். மழலைப் பாடல்களும் அடங்கிய 'மலரும் மாலையும்' 1938இல் வந்தது. ஆலிஸ் முதற்பதிப்பைத் தேடுபவர் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கவிமணியின் முதற்பதிப்புகளைத் தேடிக் காப்பாற்ற வேண்டியவர்கள் இந்த மாவட்டத்தில்தான் இருக்க முடியும். நாகர்கோவில், தக்கலைப் பக்கம் பழைய வீடுகளைக் காலிசெய்யும்போது எடைக்குப் போகும் மூட்டையில் இவை இருக்கக்கூடும்.

இன்னொன்று, சோவியத் நாட்டின் முன்னேற்றப் பதிப்பகமும், 1982இல் அதிலிருந்து பிரிந்த ராதுகாவும் தமிழில் அச்சிட்டு நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக விற்ற பெரிய வண்ணப் படப் புத்தகங்கள். விலை அன்று சொற்பம், ஓவியமும் அச்சும் இன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். 1991க்குப் பிறகு வரத்து நின்றது. அசலா என்று பார்க்க ஏதாவது ஒரு பக்கத்தில் ரஷ்ய மொழியில் அச்சு விவரம் இருக்கிறதா என்று தேடுங்கள். இன்றைய மறுஅச்சுகளில் வண்ணம் தட்டையாகவும் கோடு மங்கியும் இருக்கும்.

பலவீனம் நடுவில் அடித்த இரும்புப் பின். கடற்காற்றின் உப்பு ஏறும் குளச்சல், முட்டம், கன்னியாகுமரிப் பக்கம் அது சீக்கிரமே துருப்பிடித்துத் தாளைத் தின்னும். இதை வீட்டிலேயே சரிசெய்யலாம். நடுப்பக்கத்தைத் திறந்து, மழுங்கிய கத்தி முனையால் பின்னின் கால்களை நிமிர்த்தி, வெளிப்பக்கமாக மெதுவாக எடுங்கள். இழுத்தால் துருவோடு தாளும் வரும். துருப்பொடியைத் தூரிகையால் நீக்கி, மடிப்பு பலவீனமான தாள்களுக்கு ஒரு சென்டிமீட்டர் அகல ஜப்பான் டிஷ்யூ என்ற மெல்லிய தாளை ஒட்டுங்கள். பசைக்கு மைதாவைவிடக் கோதுமை ஸ்டார்ச் மேல்: ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர், கண்ணாடிபோல் ஆகும்வரை காய்ச்சி, மூன்று நாளுக்குள் தீர்க்க வேண்டும். காய்ந்ததும் பழைய நான்கு துளைகளிலேயே மெழுகு தடவிய பருத்தி நூலை உள்ளே வெளியே என்று ஓட்டி, திரும்பி வரும்போது விட்ட இடைவெளிகளை நிரப்பி, உள்பக்கமாக முடிச்சிடுங்கள். புதுத் துளை எதுவும் போட வேண்டியதில்லை.

எங்கே வைப்பது

நான்கு வழியில் எதை எடுத்தாலும் இது ஒன்றுதான். சாரல் அடிக்கும் மேற்குச் சுவரோடு அலமாரியை ஒட்ட வேண்டாம், நான்கு விரல் இடைவெளி விடுங்கள். அடித்தட்டு தரையிலிருந்து அரை அடிக்கு மேல் இருக்கட்டும். ஈரமானி ஒன்று வாங்கி உள்ளே வையுங்கள். மிக அரியவற்றை இறுக மூடும் 30 லிட்டர் பெட்டியில், 200 கிராம் ஆரஞ்சுச் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் போட்டு வைக்கலாம். நிறம் மாறினால் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணிநேரம் சூடாக்கி ஆறவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். ஈரமானி 40க்குக் கீழே போனால் பாதி ஜெல்லை எடுத்துவிடுங்கள், அளவுக்கு மீறிக் காய்ந்தால் தோலட்டை வளையும். பாச்சை உருண்டையும் வசம்பும் பூஞ்சையைத் தடுக்காது. பச்சை வேப்பிலை ஈரத்தைத்தான் கூட்டும். பூச்சி இருக்கும் புத்தகத்தைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, எடுத்த பின் ஒருநாள் முழுக்கப் பையைத் திறக்காமல் அறையில் விட்டுவிடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த தாளில் நீர் கோக்கும்.

சுவரில் சிதலின் (கறையான்) மண்கோடு கண்டால் மருந்தைத் தேடி ஓடுவதற்கு முன் புத்தகங்களை வேறு அறைக்கு மாற்றுங்கள். மருந்து பட்ட தாளின் கறை போகாது.