வாடகைக் கோட்டா, ரெடிமேட்டா, தைப்பதா?

மச்சானுக்கு ஆவணியில் கல்யாணம். தாலி கட்டுக்கு வேட்டி சால்வை. அதில் அளவுப் பிரச்சினையே இல்லை. பின்னேர வரவேற்புக்குத்தான் கோட் சூட். கொழும்பு வெள்ளவத்தை பிளட்டில் மூன்று கட்சியாகிவிட்டது. மாமி தைக்கச் சொல்கிறார். மாமா, "ஒரு நாளைக்கு என்னத்துக்கு இவ்வளவு காசு? வாடகைக்கு எடு" என்கிறார். மாப்பிள்ளை போனில் ரெடிமேட் பார்த்துக்கொண்டிருக்கிறான். மூன்றிலும் நான் சூடு கண்டவன் என்பதால் என்னைக் கேட்டார்கள்.

எந்த வழியில் போனாலும் முதலில் பார்க்க வேண்டியது தோள். தோள் எலும்பு முடிகிற இடத்தில் கோட்டின் தோள் தையலும் முடிய வேண்டும். வெளியே தள்ளிப் போனால் கையின் மேற்பக்கத்தில் குழி விழும். சந்தேகமென்றால் பக்கவாட்டாகச் சுவரில் சாய்ந்து பாருங்கள்: உங்கள் கை படுவதற்கு முதலே தோளின் பஞ்சு சுவரில் பட்டால் கோட் பெரிது. இடுப்பை ஒடுக்கலாம், கையைக் குறைக்கலாம், காற்சட்டைக் காலை மடிக்கலாம். தோளைத் திருத்துவதென்றால் கோட்டுக் கையைக் கழற்றித் திரும்பப் பூட்ட வேண்டும். அதற்கு வேறு கோட் பார்க்கலாம். நீளமும் அப்படித்தான். கீழே வெட்டினால் பொக்கற் விளிம்புக்குக் கிட்ட வந்து கோமாளித்தனமாய் நிற்கும்.

வாடகைக் கோட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாப்பிள்ளைத் தோழர்கள் நாலு பேர் ஒரே நிறத்தில் நிற்க வேண்டுமென்றால் அதுதான் சுலபம். ஆனால் பல உடம்பு கண்ட கோட் அது. அனேகமாக உள்ளே விறைப்புக்காகப் பசையால் ஒட்டிய துணி, பியூசிங்தான். அடிக்கடி கழுவி அயர்ன் பண்ணிப் பசை விட்டுப்போனால் நெஞ்சில் சின்னச் சின்னக் கொப்புளம் எழும். வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் தெரியும். படப்பிடிப்புக்காரரின் விளக்கிலும் தெரியும்.

ரெடிமேட்டில் நெஞ்சளவு அங்குலத்தில் இருக்கும்: 38, 40, 42. ஐரோப்பிய அளவென்றால் 10 கூட்டுங்கள். 40 என்பது அங்கே 50. சோடியாக விற்கும் சூட்டில் வழக்கமாக நெஞ்சுக்கும் இடுப்புக்கும் 6 அங்குல வித்தியாசம் வைத்திருப்பார்கள். 40 கோட்டோடு 34 காற்சட்டை. நம்மில் எத்தனை பேருக்கு அந்த இடுப்பு? கோட்டையும் காற்சட்டையையும் தனித்தனியாகத் தருகிற கடையில் வாங்குவதே புத்தி. கைப் பட்டன் துளைகள் உண்மையில் வெட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். வெட்டியிருந்தால் மணிக்கட்டுப் பக்கத்தில் கையைக் குறைக்க முடியாது. கோட்டின் பின்வெட்டில் பெருக்கல் குறிபோல் ஒரு நூல் இருக்கும். அது வழியில் கசங்காமல் இருக்கப் போட்டது. அதை வெட்டாமல் மேடையேறிய மாப்பிள்ளைகளை நானே கண்டிருக்கிறேன்.

தைப்பது மூன்றிலும் சிறந்தது, மூன்றிலும் ஆபத்தானதும் அதுதான். என் கல்யாணக் கோட் தைத்தது. அளவெடுத்தார்கள், இடையில் போட்டுப் பார்க்கிற ஃபிட் ஓன் இல்லாமல் முதல் நாள் இரவு தந்தார்கள். பட்டனைப் பூட்டியதும் வயிற்றில் நாலு பக்கமும் சுருக்கு இழுத்தது. அன்று முழுக்கத் திறந்தபடியே நின்றேன். ஆகவே நூலோட்டிய நிலையில் ஒரு தடவையாவது போட்டுப் பார்க்காமல் தைக்கக் கொடுக்காதீர்கள்; போகும்போது அன்று போடப்போகும் சேட்டும் சப்பாத்தும் வேண்டும். நல்ல டெய்லர் நாடாவை எடுக்கும் முன்னரே ஆளைப் பார்ப்பார். என் வலத்தோள் இறங்கியிருப்பதை எனக்கே சொன்னது பிறகு வந்த ஒரு டெய்லர்தான். அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் பஞ்சு வைத்தார், கழுத்துப் பின்னால் கொலர் ஒட்டி நின்றது. உங்களுக்கும் தோள் ஏற்ற இறக்கமென்றால் தைப்பதே நல்லது.

துணிக்குப் புறக்கோட்டைக்குப் போனால் ‘சூப்பர் 120’ என்று காட்டுவார்கள். அது கம்பளி நார் எவ்வளவு மெல்லியது என்று சொல்லும் எண், துணி எவ்வளவு காலம் உழைக்கும் என்று சொல்வதல்ல. கைக்குள் கசக்கி விடுங்கள். நல்ல வூல் தானாக நிமிரும். காற்று போகிற மெல்லிய நெசவாகப் பாருங்கள். அதைவிட முக்கியம் லைனிங். மண்டபத்தில் ஏசி குளிரும், ஆனால் படத்துக்காக மூன்று மணிக்குக் காலிமுகத்திடலில் நிறுத்துவார்களே, முதுகு முழுக்கப் பொலியெஸ்டர் லைனிங் இருந்தால் அவிந்துபோவீர்கள். பாதி லைனிங் கேளுங்கள்.

மச்சானுக்குத் தோள் 40இல் அச்சொட்டாய் இருந்தது. ரெடிமேட்டே எடுத்தோம். மிச்சக் காசில் இடுப்பையும் கையையும் திருத்தக் கொடுத்தோம். சேட் கை ஒரு சென்டிமீற்றர் வெளியே தெரிகிற மாதிரி டெய்லர் சோக்கால் கோடு போட்டார்.

மாமி கிட்ட வந்து மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார். "தம்பி, கை கட்டையாய்க் கிடக்கு. சேட் வெளியால தெரியுது."

"அப்பிடித்தான் அம்மா இருக்கோணும்" என்றார் டெய்லர். மாமி இன்னும் நம்பவில்லை.