ஒட்டுச் செண்பகம் என்று நம்பி 5,400 ரூபாய் இழந்தேன்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் மூன்று செண்பகங்கள் என் தலைக்கு மேல் வளர்ந்து தளதளவென்று நிற்கின்றன. இரண்டரை ஆண்டுகளாகியும் ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. காரணம் நேற்று மாலைதான் தெரிந்தது. கன்று ஒன்றுக்கு 1,800 வீதம் 5,400 ரூபாய் பெற்றுக்கொண்டு, ஒட்டுக்கன்று என்ற பெயரில் நெடுஞ்சாலையோர நர்சரி ஒன்று எனக்கு விதைக்கன்றுகளை விற்றிருக்கிறது.

அன்று அம்மாவும் உடன் வந்திருந்தார். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரருக்குத் தம் வீட்டு மரத்துச் செண்பகத்தைக் கொண்டுபோய்ச் சாத்த வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நர்சரி வாசலில் இடுப்புயரக் கன்று ஒன்று பூத்திருந்தது. விற்பனையாளர் அதிலிருந்து ஒரு பூவைப் பறித்து, "இந்தாங்கம்மா, இதே மரத்து ஒட்டுதான், ரெண்டு வருஷத்துல தெருவே மணக்கும்" என்று அம்மாவின் கையில் வைத்தார். எங்களுக்கு எடுத்து வைத்த கன்றுகளின் அடித்தண்டில் பிளாஸ்டிக் நாடா சுற்றியிருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, "ஒட்டுக் கட்டின இடம்" என்றார். அம்மா அந்தப் பூவை முகர்ந்தபடி நின்றிருந்தார். நான் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

பூக்கவில்லையே என்று முதல் முறை கேட்டபோது, வேர் பிடிக்கட்டும் என்றார்கள். அடுத்த முறை யூரியா போடச் சொன்னார்கள்; போட்டேன், இலைதான் பெருத்தது. பிறகு எங்கள் போர் தண்ணீரைக் குறை சொன்னார்கள். சென்ற மாதம் நேரில் போனதற்கு, விற்றவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று சொல்லி, பில் இருக்கிறதா என்று கேட்டார்கள். 5,400 என்று எழுதிய துண்டுச்சீட்டைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை.

தோட்டக்கலைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் சித்தப்பா நேற்று வந்து, மூன்று மரங்களின் அடித்தண்டையும் மண்மட்டத்திலிருந்து விரலால் தடவிப் பார்த்தார். புடைப்பு இல்லை, கோணல் இல்லை, பட்டை ஒரே சீராக மேலே போகிறது. "ஒட்டே இல்லையேம்மா" என்றார். பூத்துப் பழகிய மரத்தின் குச்சியை ஒட்டியிருந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் பூக்கும் செண்பகம், விதையிலிருந்து வந்தால் எட்டு, பத்து ஆண்டுகள்கூட எடுக்குமாம். மரத்தின் மீது ஒரு குறையும் இல்லை, தண்ணீரின் மீதும் இல்லை. அம்மாவுக்கு வயது 74. இன்னும் ஆறேழு ஆண்டுகள் காத்திருங்கள் என்று அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்?

செண்பகம் வாங்கப் போகிறவர்கள் நாடாவை நம்பாதீர்கள், அது சுற்றிய இடத்தில் ஒட்டுத் தழும்பு இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். 'ஒட்டுக்கன்று' என்ற சொல்லைப் பில்லில் எழுதி வாங்குங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டுகள்தான் கெடு. அடுத்த வருஷம் பூக்கும் என்ற பேச்சைக் கேட்டு, என்னைப் போல் அதைக் கடத்திவிடாதீர்கள்.