ஈஸி சேரா, பிரம்பு நாற்காலியா, பழைய சோபாவா? செகண்ட் ஹேண்டில் ஒரு வாசிப்பு மூலை

ஜன்னல் ஓரமாக ஐந்தடிக்கு நாலடி இடம் இருந்தால் வீட்டில் ஒரு வாசிப்பு மூலை அமைத்துவிடலாம். உட்கார ஒன்று, புத்தகம் அடுக்க ஒன்று, ஒரு விளக்கு, காலுக்கடியில் ஒரு விரிப்பு போதும். இவை நாலும் பழைய சாமான் கடையிலேயே கிடைக்கும். சென்னைக்காரர்களுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இருக்கிறது. காரைக்குடிப் பக்கம் போகிறவர்களுக்கு முனீஸ்வரன் கோவில் தெரு இருக்கிறது. அங்கே மரம் நன்றாக இருக்கும், விலையும் பழம்பொருள் சேகரிப்பவர்களை நம்பி வைத்த விலையாக இருக்கும்.

வாங்கும் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வண்டிக் கூலி, பழுது பார்க்கும் செலவு இரண்டையும் சேர்த்தால்தான் உண்மை விலை தெரியும். அந்தக் கணக்கில், பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிகிற சாமான்தான் ஜெயிக்கிறது. மூடி மறைத்த எதுவும் நம் ஊர் வெயிலுக்கும் ஈரக்காற்றுக்கும் பிறகு உள்ளே எப்படி இருக்கும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

உட்காரும் இடம்: மூன்று போட்டியாளர்கள்

முதலில் துணி போட்ட மர ஈஸி சேர். இதில் கெட்டுப்போக இருப்பவை மூன்றே: சட்டம், பின்சாய்வைத் தாங்கும் பள்ளங்கள், துணி. துணி கிழிந்திருந்தால் கவலைப்பட வேண்டாம், எப்படியும் மாற்றத்தான் போகிறோம். பார்க்க வேண்டியது பள்ளங்களை. சாய்வுக் கட்டை விழுந்து உட்காரும் வெட்டுகளின் ஓரம் தேய்ந்து உருண்டிருந்தால், ஆள் சாயும்போது கட்டை நழுவும். அப்படி இருந்தால் தச்சரிடம் கொடுத்து அந்த இடத்தில் புதுத் தேக்குத் துண்டு ஒட்டிப் பள்ளம் வெட்டச் சொல்ல வேண்டும். இதற்கு முன் யாரையும் அதில் உட்கார வைக்காதீர்கள்.

துணி தைப்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. கித்தான் துணியை வாங்கியதும் ஒருமுறை தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே சுருங்கி, துணியின் இரு முனை மடிப்புக்குள்ளும் செருகும் கம்பு அதன் இடத்துக்கு எட்டாது. நீளம் எடுக்க ஒரு கயிறு போதும்: மேல் கம்பு இடத்திலிருந்து கீழ் கம்பு இடம் வரை, எவ்வளவு தொய்வு வேண்டுமோ அவ்வளவு தொய்வோடு பிடித்து அளந்துகொள்ளுங்கள். ஓர் அங்குலக் கம்பைச் சுற்றி வர மூன்றே கால் அங்குலத் துணி தேவை. மடிப்பையும் சேர்த்து ஒவ்வொரு முனைக்கும் நாலரை அங்குலம், ஆக ஒன்பது அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். அதிலிருந்து இரண்டு அங்குலம் குறையுங்கள், ஏனென்றால் பருத்தி முதல் சில வாரங்களில் பாரத்தில் இழுபட்டு நீளும். குறைக்காவிட்டால் இடுப்பு கீழே இறங்கி, முன்சட்டம் தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தும். அரை மணி நேரத்தில் கால் மரத்துப்போகும். மடிப்பில் நைலான் நூலால் மூன்று வரிசைத் தையல் வேண்டும். துணி கடைசியில் விட்டுப்போவது நடுவில் அல்ல, இந்த மடிப்பில்தான்.

படிக்கிறவர்களுக்கு ஈஸி சேரில் கைப்பிடி கட்டாயம். சாய்ந்த நிலையில் புத்தகத்தை நெஞ்சுக்கு மேலே பிடிக்க வேண்டியிருப்பதால் முழங்கைக்குத் தாங்கல் இல்லாவிட்டால் தோள் வலிக்கும். சாய்வை மிக நிமிர்ந்த பள்ளத்தில் வையுங்கள். கடைசிப் பள்ளம் தூங்குவதற்கு.

அடுத்தது பிரம்பு பின்னிய மர நாற்காலி. அரசு அலுவலகங்களிலும் பழைய வக்கீல் வீடுகளிலும் இருந்த அந்த நாற்காலிதான். இருக்கைச் சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள் தெரிந்தால் கையால் பின்னியது. துளை இல்லாமல் ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம் ஓடி, அதில் மெல்லிய குச்சியை அழுத்தியிருந்தால் மெஷினில் நெய்த பிரம்பு விரிப்பை வெட்டிப் பொருத்தியது. கையால் பின்னியதைப் புதிதாகப் பின்ன, கைத்திறன் உள்ள ஆள் வேண்டும். பார்வை மாற்றுத்திறனாளிகள் பலர் இந்தத் தொழிலில் தேர்ந்தவர்கள். மெஷின் விரிப்பு என்றால் காடியைச் சுத்தம் செய்து புதுத் துண்டை ஊறவைத்து அழுத்தி ஒட்டலாம், பொறுமை இருந்தால் வீட்டிலேயே முடியும்.

பிரம்பு தொய்ந்திருக்கிறதே என்று ஒதுக்கிவிட வேண்டாம். இழை அறுபடாமல் தொய்ந்திருந்தால் நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் ஈரத்துணியை ஓரிரு மணி நேரம் போட்டு வைத்து, நிழலில் ஒரு நாள் காயவிட்டால் இறுகிவிடும். ஈரம் காயும் முன் யாரும் உட்காரக் கூடாது. ஆனால் முன் ஓரத்தில் மூன்று நாலு இழை அறுந்திருந்தால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. பாரம் பக்கத்து இழைகளுக்கு மாறி அவையும் வரிசையாக அறும். முழுவதும் பின்ன ஆகும் கூலியைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும். பிளாஸ்டிக் இழை போட்டுத் தருகிறோம் என்பார்கள். அது அறாது, ஆனால் தொய்ந்தால் தண்ணீருக்கு இறுகாது.

நிமிர்ந்து உட்கார்ந்து பென்சிலால் கோடு போட்டுப் படிப்பவர்களுக்கும், முதுகுவலிக்காரர்களுக்கும் பிரம்பு நாற்காலிதான் சரி. ஓர் அங்குல இலவம்பஞ்சு மெத்தை ஒன்று மேலே வேண்டும். ஏசி எந்நேரமும் ஓடும் அறையில் இயற்கைப் பிரம்பு வறண்டு வெடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்றாவது, ஒற்றை சோபா. ஆன்லைனில் மிகுதியாகவும் மலிவாகவும் கிடைப்பது இதுதான், என் ஓட்டு இதற்குக் கிடையாது. கவிழ்த்து அடித்துணியைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் காரணம் புரியும்: பெட்டி அடிக்கும் மட்ட மரத்தில் சட்டம், இழுவை போன எலாஸ்டிக் பெல்ட், மஞ்சளாகி உதிரும் ஃபோம். முஷ்டியால் அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். குழி உடனே நிரம்பாவிட்டால் ஃபோம் முடிந்தது. புது ஃபோம் என்றால் இருக்கைக்கு 40 டென்சிட்டி, முதுகுக்கு 28 அல்லது 32. அதோடு துணி, கூலி. கூட்டிப் பார்த்தால் புது சோபா விலை பக்கத்தில் வந்து நிற்கும். கடலோர ஊர்களில் ரெக்சின் உறை ஈரத்தில் உரிந்து உடம்பில் ஒட்டும்.

இதைவிடப் பெரிய அபாயம் மூட்டைப்பூச்சி. தையல் ஓரங்களில் பேனாவால் வைத்ததுபோல் கரும்புள்ளிகள் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு புள்ளி கண்டாலும் விட்டுவிடுங்கள். வெயிலில் போட்டால் செத்துவிடும் என்பது மெல்லிய துணிக்குச் சரி. தடித்த ஃபோமின் நடுப்பகுதி அந்தச் சூட்டை எட்டாது, பூச்சி உள்ளே நகர்ந்து தப்பிக்கும். இரையில்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் பூச்சி அது. சோபாதான் வேண்டும் என்றால் சட்டத்துக்கு மட்டும் விலை பேசுங்கள், ஃபோமையும் உறையையும் அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு வாருங்கள்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு சோதனை

மரத்தில் குண்டூசி முனை அளவு துளைகள், கீழே முகப்பவுடர் போன்ற மாவு: இது உளு. துளை மட்டும் இருந்தால் பழைய கதையாகவும் இருக்கலாம். கறுப்புத் தாள் ஒன்றைக் கீழே விரித்து, துளைப் பக்கத்தில் சுத்தியல் பிடியால் தட்டி, ஒரு வாரம் அப்படியே விடுங்கள். புது மாவு விழுந்தால் உயிரோடு இருக்கிறது. தேக்கின் வைரத்தை, அதாவது முற்றிய உள்மரத்தை உளு தொடுவதில்லை, வெளிறிய ஓரப்பகுதியைத்தான் தின்னும். ரப்பர் மரத்திலோ மாவுச்சத்து மிகுதி, அதனால் முழுவதையும் தின்னும். தேக்கு நிறப் பாலிஷுக்குள் ரப்பர் மரம் இருப்பது சகஜம் என்பதால், அடிப்பக்கத்தில் பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். தேக்கு பொன்பழுப்பாக, எண்ணெய்ப் பசையோடு, தோல் வாடையடிக்கும். ரப்பர் மரம் வெளிறிய மஞ்சள்.

உளு வண்டு முட்டையிடுவது பூச்சில்லாத மரத்தின் நுண்துளைகளில். ஆகவே வாங்கி வந்ததும் யாரும் கவனிக்காத அடிப்பக்கத்துக்கும் கால் நுனிக்கும் வார்னிஷ் இரண்டு கை கொடுப்பது நல்ல காப்பு.

மூட்டு ஆடினால் ஆணி அடிக்க விடாதீர்கள், மரம் பிளக்கும். பழைய நாற்காலிகளில் இருப்பது வஜ்ஜிரம், விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. அதன் மேலேயே ஃபெவிகால் ஊற்றினால் பிடிக்காது. மூட்டைக் கழற்றி, வெந்நீர்த் துணியால் வஜ்ஜிரத்தை இளக்கித் துடைத்து, மரம் நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டி, கயிறு போட்டு முறுக்கி 24 மணி நேரம் விட வேண்டும்.

புத்தகம் அடுக்க

இரும்பு ரேக், கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரி, துகள் பலகை ஷெல்ஃப் ஆகிய மூன்றில் கடைசியை உடனே தள்ளிவிடலாம். ஓர் அடி நீளத்துக்கு அடுக்கிய புத்தகம் பத்துக் கிலோ பக்கம் வரும்; மூன்றடித் துகள் பலகை சில மாதங்களில் வளையும். ஒருமுறை பிரித்து மாட்டினால் ஸ்குரூவும் பிடிக்காது.

கண்ணாடி அலமாரி அழகு, தூசி வராது. ஆனால் காற்றோட்டம் இல்லாமல் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். முதுகுப் பலகையில் மேலும் கீழும் நாலைந்து துளை போட்டு, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். குளியலறைச் சுவர் ஆகவே ஆகாது.

இரும்பு ரேக்தான் விலைக்கும் உழைப்புக்கும் சரியான தேர்வு. அலுவலக ரேக்குகள் 15, 18 அங்குல ஆழத்தில் கிடைக்கும். அதில் இரண்டு வரிசையாக அடுக்க ஆசை வரும்; பின்வரிசையை யாரும் தொடாததால் இராமபாணப் பூச்சி அங்கேதான் குடியேறும். 12 அங்குலம் தேடுங்கள். துருவை உப்புத்தாளால் தேய்த்து, துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு ஒரு கை, எனாமல் இரண்டு கை அடியுங்கள். தொட்டால் காய்ந்தது போலிருக்கும். இரண்டு வாரம் கழித்தே புத்தகம் வையுங்கள், இல்லாவிட்டால் அட்டை பெயின்டோடு ஒட்டிக்கொண்டு கிழியும்.

விளக்கும் விரிப்பும்

விளக்கின் உயரம் நாற்காலியைப் பொறுத்தது. குடையின் கீழ் ஓரம் உட்கார்ந்தவர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். பிரம்பு நாற்காலியில் அது தரையிலிருந்து 45 அங்குலம் பக்கம், ஈஸி சேரில் 36 முதல் 38. அதனால் பிரம்பு நாற்காலிக்கு நின்ற விளக்கும், ஈஸி சேருக்குத் தோளுக்குப் பின்னால் சுவரில் மாட்டும் மடக்கு விளக்கும் பொருந்தும். 9 வாட் வார்ம் வொயிட் எல்இடி போதும். பழைய பித்தளை விளக்கு வாங்கினால் வயரை முழுவதும் மாற்றுங்கள்: மூன்று கம்பி வயர், பச்சைக் கம்பி உலோக உடம்போடு இணைந்திருக்க வேண்டும்.

பழைய கார்ப்பெட் வேண்டாம், ஆண்டுக்கணக்கான தூசியும் பூச்சியும் அதில் இருக்கும். பவானி ஜமக்காளம் பழையதே நல்லது. துவைக்கலாம், வெயிலில் உதறலாம். பத்தமடைப் பாயை நாற்காலிக்கு அடியில் போட்டால் கால் அழுத்தி கோரை உடையும், அது சுவரில் தொங்கட்டும். டைல்ஸ் தரையில் ஈஸி சேர் சாயும்போது பின்னால் வழுக்கும். பழைய சைக்கிள் டியூபைக் கால் அளவுக்கு வெட்டி, ரப்பர் பசையால் நாலு காலுக்கும் ஒட்டி, ஓர் இரவு கவிழ்த்து வைத்துவிட்டு மறுநாள் பயன்படுத்துங்கள்.