பெங்களூரில் டாக்ஸி, டிடி, டூரிஸ்ட் வண்டி: எந்த பர்மிட் யாருக்குத் தேறும்?

அல்சூர், ஸ்ரீராம்புரம், ஈஜிபுரா பக்கம் யாராவது லோன் போட்டு வண்டி எடுக்கப் போகிறார் என்றால், எர்டிகாவா, இன்னோவாவா, டெம்போ டிராவலரா என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். பர்மிட் பற்றிய பேச்சு ஷோரூமில் அட்வான்ஸ் கட்டிய பிறகு வரும், அதுவும் ஆர்டிஓ ஏஜென்ட் வாயால். டிராவல்ஸ்காரர்கள் சிலருக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஆள் நான். என்னைக் கேட்டால் இந்த வரிசையே தலைகீழ். மஞ்சள் போர்டு வண்டி எங்கே போகலாம், யாரை ஏற்றலாம், காசை எப்படி வாங்கலாம் என்பதெல்லாம் பர்மிட்டில்தான் இருக்கிறது. நம் ஆட்களுக்கு முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்று: உங்கள் சவாரி அத்திப்பள்ளியை, அதாவது தமிழ்நாட்டு எல்லையை, தாண்டுமா, தாண்டாதா?

முதலில் சீட்டுக் கணக்கைப் பார்த்துவிடலாம். 1988 மோட்டார் வாகனச் சட்டம் டிரைவரை விட்டுவிட்டு எண்ணும். ஆறு பேர் வரை மோட்டார் கேப். ஏழு முதல் பன்னிரண்டு வரை மேக்ஸி கேப். அதற்கு மேல் போனால் பஸ். டெம்போ டிராவலரை, அதாவது நம் டிடியை, எல்லோரும் 12+1 என்று கேட்டு வாங்குவது இந்தக் கோட்டுக்காகத்தான். பதினேழு சீட் டிடி பார்க்க அதே வண்டிதான், ஆனால் காகிதத்தில் வேறு இனம். வரி, பர்மிட், எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) எல்லாம் அதற்குத் தக்கபடி மாறும். லைசென்ஸ் பற்றிப் பயப்பட வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு சாதாரண எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அதை உறுதி செய்தது. 12 சீட் டிடி அந்த எடைக்குள் அடங்கிவிடும்.

ஆப்புக்கு ஓட்டுவது

ஓலா, ஊபர் மாதிரி ஆப்புக்கு ஓட்டினால் வண்டி வந்த வாரமே காசு பார்க்கலாம் என்பது இதன் பெரிய கவர்ச்சி. ஆள் தேடி அலைய வேண்டாம், போஸ்டர் ஒட்ட வேண்டாம், ஜிஎஸ்டி தலைவலியும் இல்லை. சவாரி மீதான 5 சதவீதத்தை ஆப் நிறுவனமே அரசுக்குக் கட்ட வேண்டும் என்பது சட்டம்.

கர்நாடகம் 2016-ல் இந்த நிறுவனங்களுக்கென்று தனி விதிகள் கொண்டு வந்தது. லைசென்ஸ் கேட்கும் நிறுவனத்திடம் குறைந்தது நூறு டாக்ஸியாவது இருக்க வேண்டும், சொந்தமாகவோ ஒப்பந்தத்திலோ. டிரைவர் கர்நாடகத்தில் இரண்டு வருடமாவது குடியிருந்திருக்க வேண்டும், கன்னடம் தெரிந்திருக்க வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. தருமபுரியிலிருந்து போன மாதம் வந்து இறங்கிய மச்சானை நம்பி இரண்டாவது வண்டி போட நினைப்பவர் மட்டும் இதை ஒருமுறை யோசித்துக்கொள்ள வேண்டும்.

கட்டணத்துக்கு வருவோம். 2024 ஜனவரியில் மாநில அரசு ஒரே மாதிரி கட்டணம் நிர்ணயித்தது. வண்டியின் விலை 10 லட்சம் வரை என்றால் முதல் 4 கிலோமீட்டருக்கு 100 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 24. 10 முதல் 15 லட்சம் வரை 115 ரூபாயும் 28-ம். 15 லட்சத்துக்கு மேல் 130 ரூபாயும் 32-ம். இரவு 12 முதல் காலை 6 வரை 10 சதவீதம் கூட. அதாவது 20 கிலோமீட்டர் சவாரிக்கு, டோல், ஜிஎஸ்டி தவிர்த்து, சின்ன வண்டிக்கு 484 ரூபாய், பெரிய வண்டிக்கு 642. இந்த 158 ரூபாய் வித்தியாசத்துக்காக இன்னோவாவுக்கு ஈஎம்ஐ கட்டுவது எனக்குப் புரியாத கணக்கு. ஆப்புக்குத்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றால் 10 லட்சத்துக்குள் நின்றுவிடுங்கள்.

இன்னொரு விஷயம். 2019 மார்ச்சில் பைக் டாக்ஸி விவகாரத்தில் ஓலாவின் லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்தி வைத்து போக்குவரத்துத் துறை உத்தரவு போட்டது. சில நாளில் வாபஸ் ஆகிவிட்டது, சரி. ஆனால் அந்த நாட்களில் பைக்குக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத கார் டிரைவர்கள் எல்லாம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். லைசென்ஸ் அவர்கள் பெயரில், லோன் உங்கள் பெயரில். ஒரே ஆப்பை நம்பி இருக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். டிரைவரிடம் கமிஷன் வெட்டாத நம்ம யாத்ரி ஆப் 2022-ல் ஆட்டோவுக்கு வந்து, 2024-ல் காருக்கும் வந்த பிறகு இதற்குக் கொஞ்சம் வழி பிறந்திருக்கிறது.

ஸ்டேட் பர்மிட் டிடியும் கிரிவல போஸ்டரும்

பெங்களூர்த் தமிழர்களின் பயணக் காலண்டர் எல்லோருக்கும் மனப்பாடம். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை. தைப்பூசம் வரை மேல்மருவத்தூர் சிவப்புப் புடவைக் கூட்டம். ஆகஸ்ட் கடைசியில் கொடியேறி செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி. நடுவில் கல்யாணம், காதுகுத்து, திருப்பதி. டிடி வைத்திருப்பவருக்கு இதுதான் சோறு. தர்மஸ்தலா, மைசூர் போன்ற உள்மாநில சவாரியும் உண்டு, ஆனால் காசு இருப்பது எல்லைக்கு அந்தப் பக்கம்.

ஸ்டேட் பர்மிட்டோடு, அதாவது முழு வண்டியாக வாடகைக்கு விட, கர்நாடகத்துக்குள் மட்டும் செல்லும் கான்ட்ராக்ட் கேரேஜ் பர்மிட்டோடு, தமிழ்நாட்டுக்குப் போக வேண்டும் என்றால் ஒவ்வொரு சவாரிக்கும் ஸ்பெஷல் பர்மிட் எடுக்க வேண்டும், தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். ஆன்லைனில் கட்டிவிடலாம் என்றாலும், வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டி கிளம்பும் நேரத்தில் சர்வர் படுத்துக்கொண்டால் எல்லையில் ஜூஜூவாடியில் போய் நின்று முழிக்க வேண்டியதுதான். வருடத்தில் நாலைந்து தடவை எல்லை தாண்டுகிறவருக்கு இது போதும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி போகிறவருக்கு அதுவே பன்னிரண்டு தடவை ஆகிவிடும், சபரிமலை, வேளாங்கண்ணி எல்லாம் அதற்கு மேல்.

அப்புறம் அந்த போஸ்டர். "பௌர்ணமி கிரிவலம், சீட்டு ஒன்றுக்கு இவ்வளவு, ஏறுமிடம் சிவாஜிநகர், மடிவாளா, ஓசூர்." ஒட்டுகிறவர் இதை விளம்பரம் என்று நினைக்கிறார். செக் பண்ணும் அதிகாரிக்கு அது சாட்சி. கான்ட்ராக்ட் கேரேஜ் என்றால் முழு வண்டியையும் ஒரு தரப்பு பேசி எடுக்க வேண்டும், பேச்சில் இல்லாத ஆளை வழியில் ஏற்றவோ இறக்கவோ கூடாது. ஆறு பேருக்கு மேல் ஏற்றும் வண்டியில் ஆளுக்கு ஆள் தனியாகக் கட்டணம் வாங்குவது ஸ்டேஜ் கேரேஜ், அதாவது ரூட் பஸ் வேலை. இந்த போஸ்டர் இரண்டு கோட்டையும் ஒரே வரியில் தாண்டிவிடுகிறது. பர்மிட் நிபந்தனையை மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய், ஆறு மாதம் வரை சிறையும் சட்டத்தில் உண்டு. விபத்து நடந்துவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் புரட்டுவதும் பர்மிட்டைத்தான்.

இதையே ஒழுங்காகச் செய்ய வழி இருக்கிறது. தெருவில் ஒரு பெரியவரோ மன்றத் தலைவியோ முழு வண்டியையும் தன் பெயரில் பேசி எடுக்கட்டும். டிரிப் ஷீட் ஒன்று, ரசீது ஒன்று, ஏறுகிற பன்னிரண்டு பேரின் பெயர், வயது எழுதிய பட்டியல் ஒன்று. அவர்களுக்குள் எப்படிப் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் பாடு. கிருஷ்ணகிரியில் கை காட்டும் தெரிந்தவரை மட்டும் ஏற்றாதீர்கள். பட்டியலில் இல்லாத அந்த ஒரு தலைதான் மாட்டிவிடும்.

ஆறு சீட் காருக்கு இங்கே ஒரு சலுகை இருக்கிறது, பலருக்குத் தெரியாது. மோட்டார் கேப்பில் தனித்தனிக் கட்டணம் வாங்கினாலும் அது கான்ட்ராக்ட் கேரேஜ்தான் என்று சட்டத்தின் வரையறையே சொல்கிறது. அதற்காக வழியெல்லாம் ஏற்றி இறக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2017-ல் கர்நாடகப் போக்குவரத்துத் துறை ஆப்களின் ஷேர் சவாரியை நிறுத்தச் சொன்னதே அந்தக் காரணத்தைக் காட்டித்தான்.

ஆல் இந்தியா

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான், ஆனால் எல்லா வண்டிக்கும் இல்லை.

ஆல் இந்தியா டூரிஸ்ட் பர்மிட் 2021-ல் ஆன்லைனுக்கு வந்தது. ஒரே இடத்தில் கட்டணம், எல்லைதோறும் தனித்தனியாக வரிக்கு நிற்க வேண்டாம் என்பதுதான் திட்டத்தின் உயிர். 2023 மே முதல் புது விதிகள் அமலுக்கு வந்தன. அதிகாரிகள் ஏழு நாளில் விண்ணப்பத்தை முடிக்காவிட்டால் பர்மிட் தானாகவே கணினியில் உருவாகிவிடும். பத்து பேருக்குக் குறைவான வண்டிக்குக் கட்டணம் குறைவு. மின்வண்டிக்குக் கட்டணமே கிடையாது.

அந்த "பத்து"தான் கவனிக்க வேண்டிய எண். ஆறு சீட் எர்டிகாவும் இன்னோவாவும் சலுகைக்குள் வருகின்றன, 12 சீட் டிடி வெளியே நிற்கிறது. ஆகவே கார் வைத்திருப்பவர் யோசிக்காமல் எடுக்கலாம். டிடி வைத்திருப்பவர் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். போன வருட டிரிப் ஷீட்டுகளை எடுத்து, எல்லை தாண்டியவற்றைத் தனியே அடுக்கி, அவற்றுக்குக் கட்டிய ஸ்பெஷல் பர்மிட், வரித் தொகையைக் கூட்டிப் பாருங்கள். அது ஆல் இந்தியாவின் வருடக் கட்டணத்தைத் தொட்டால் மாறிவிடலாம். தொடவில்லை என்றால் கௌரவத்துக்காக எடுக்காதீர்கள். வண்டி முகப்பில் "ஆல் இந்தியா" என்று எழுதிக்கொள்ள ஆசைப்பட்டே காசைக் கொட்டுகிறவர்கள் உண்டு.

ஆல் இந்தியா இருந்தால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்ற நினைப்பும் தப்பு. பயணிகள் பட்டியல் எந்த நேரமும் வண்டியில் இருக்க வேண்டும், எங்கிருந்து எங்கே என்ற விவரத்தோடு, காகிதத்திலோ போனிலோ. 2023 நவம்பரில் கேரளத்தின் ராபின் பஸ் பத்தனம்திட்டாவிலிருந்து கோவைக்கு இந்த பர்மிட்டில் ரூட் பஸ் போல ஓடியபோது கேரள அதிகாரிகள் வழிநெடுக அபராதம் போட்டார்கள், தமிழ்நாட்டிலும் பிடித்தார்கள். சீட்டு விற்பது பற்றி மேலே சொன்னதெல்லாம் ஆல் இந்தியாவுக்கும் பொருந்தும்.

கம்பெனிக்கு அட்டாச்

எலக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு ஐடி கம்பெனிகளுக்கு ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேலை. சட்டப்படி பார்த்தால் இங்கே சொல்லும் நாலு வழியில் சுத்தமானது இதுதான். முழு வண்டியும் ஒப்பந்தத்தில், யார் ஏறுவது என்பது பட்டியலில், ஸ்டேட் பர்மிட் போதும். உங்கள் பெயரில் ஜிஎஸ்டி பதிவு இல்லாவிட்டால் பெரும்பாலும் கம்பெனியோ வெண்டரோ தன் பக்கத்திலிருந்து வரியைக் கட்டிக்கொள்ளும். தொல்லை பணத்தில். நடுவில் வெண்டர் இருப்பார், பில் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், டீசல் மட்டும் அன்றன்றைக்குக் காசு கேட்கும். கையில் மூன்று மாத ஈஎம்ஐ இல்லாதவர் இந்தப் பக்கம் வர வேண்டாம். அதோடு ஷிப்ட் வண்டிக்கு பௌர்ணமி லீவு கிடையாது. கிரிவல சவாரியும் அட்டாச்சும் ஒரே வண்டியில் ஒத்துப்போகாது.

உள்ளூர் ரூட்டில் தலைக்கு இவ்வளவு என்று மினி பஸ் ஓட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு ஸ்டேஜ் கேரேஜ் பர்மிட் வேண்டும், பெங்களூருக்குள் அந்த இடம் பிஎம்டிசி (அரசு மாநகர பஸ் கழகம்) கையில். 2023 ஜூன் 11-ல் சக்தி திட்டம் வந்து பெண்களுக்கு அரசு பஸ் இலவசமான பிறகு, இருக்கிற தனியார் வண்டிக்காரர்களே நஷ்ட ஈடு கேட்டு அந்த செப்டம்பரில் பந்த் நடத்தினார்கள். புதிதாக இறங்க இது நேரம் இல்லை.

புதிதாக ஒற்றை வண்டி போடுகிறவருக்கு நான் சொல்வது: ஆறு சீட் கார், 10 லட்சத்துக்குள், ஆல் இந்தியாவோடு. வார நாளில் ஆப், வார இறுதியில் சொந்த சவாரி. பௌர்ணமிக்கு இரண்டு கார் அளவுக்கு ஆள் சேர ஆரம்பித்த பிறகு டிடியைப் பற்றிப் பேசலாம். ஏற்கெனவே கூட்டம் கையில் இருப்பவர், அதாவது மன்றமோ சபையோ பின்னால் இருப்பவர், நேராக டிடிக்கே போகலாம்.

ஓசூரில் உறவினர் முகவரியில் டிஎன்-70 நம்பர் வாங்கி பெங்களூரிலேயே ஓட்டிவிடலாம், வரி மிச்சம் என்று ஒரு யோசனை அடிக்கடி காதில் விழுகிறது. வேண்டாம். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டியை அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டத்தின் 47-வது பிரிவு. 2024-ல் நாகாலாந்து போன்ற மாநிலங்களில் பதிவு செய்து தமிழ்நாட்டுக்குள் ஓடிய ஆம்னி பஸ்களைத் தமிழ்நாடு அரசு மறுபதிவு செய்யச் சொன்னபோது அந்த முதலாளிகள் பட்ட பாட்டை கோயம்பேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்களிடம் வக்கீல் வைக்கக் காசு இருந்தது.