புளொக் சுவர் வெடிப்புக்கு இன்ஜெக்‌ஷன் அடிக்க வருபவர்கள்: கவனம்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1950, 60களில் கட்டிய வீடு வைத்திருப்பவர்கள், வாங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். அந்தக் காலத்து வீடுகள் பலவற்றின் பேஸ்மென்ற் சுவர், வார்த்த கொங்கிறீற் அல்ல. உள்ளே பொந்து விட்ட கொங்கிறீற் புளொக்கை அடுக்கிக் கட்டியது. எங்களுடையதும் அப்படித்தான். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல்தான் எங்களிடம் 4,800 டொலர் வாங்கினார்கள்.

வடக்குச் சுவரின் நடு உயரத்துக்குச் சற்று மேலே, சாந்து வரியோடு கிடையாக ஒரு வெடிப்பு. கீழே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. 'இலவசப் பரிசோதனை' என்று வந்தவர் தமிழ்ப் பிள்ளை. ரோச் அடித்துப் பார்த்தார். சுவர் நேராக இருக்கிறதா என்று தூக்குநூல் பிடிக்கவில்லை, மட்டம் வைக்கவில்லை. "சின்ன வெடிப்புத்தான் அண்ணை. வெடிப்புக்குள் பொலியூரித்தேன் பசையை இன்ஜெக்‌ஷன் மாதிரி ஏற்றிவிட்டால் ஆயுளுக்கும் தண்ணி வராது. இண்டைக்கே சைன் பண்ணினால் ஆயிரம் டொலர் குறைச்சுத் தாறன்" என்றார்.

அடுத்த வசந்தத்தில் பனி உருகியதும் தண்ணீர் வந்தது. அடைத்த இடத்தால் அல்ல, அதற்குப் பக்கத்தில், சுவரும் தரையும் சேரும் மூலையால். தொலைபேசி எடுத்தால், உத்தரவாதம் 'குறிப்பிட்ட வெடிப்புக்கு மட்டும்' என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். இது புதுக் கசிவு, அதற்குப் புதுக் கட்டணமாம்! கைபேசியில் பேசிய குரலில் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

பிறகு, எதையும் விற்காத ஒரு கட்டமைப்புப் பொறியியலாளரைப் பணம் கொடுத்துக் கூப்பிட்டோம். தூக்குநூல் பிடித்ததும் தெரிந்தது: சுவர் நடுவில் ஒரு அங்குலம் அளவுக்கு உள்ளே வயிறு தள்ளியிருக்கிறது. அவர் விளக்கியது இதுதான். வார்த்த சுவர் திண்மமானது, ஏற்றும் பசை வெடிப்பை முன்பக்கமிருந்து பின்பக்கம் வரை நிரப்பும். புளொக்கில் பசை பொந்துக்குள் வழிந்துவிடும். வெளியிலிருந்து வரும் தண்ணீர் பொந்துகளில் இறங்கி, தனக்கு வசதியான வேறு இடத்தால் வெளியேறும். ஒரு வெடிப்பை மட்டும் அடைத்துப் பயனில்லை.

அதைவிடப் பெரிய விஷயம், கிடை வெடிப்பு வெறும் கசிவுப் பிரச்சினையே அல்ல. வெளியே ஈரமான களிமண்ணும் உறைபனியும் சுவரைத் தள்ளுகின்றன என்று அர்த்தம். ரொறன்ரோவில் அத்திவாரம் போடும்போது உறைபனிக்காக ஏறத்தாழ நாலடி ஆழம் பார்ப்பார்கள். அந்த ஆழத்துக்குள்தான் எங்கள் வெடிப்பும் இருந்தது. கூரைத் தண்ணீர்க் குழாய் சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம். படிக்கட்டு மாதிரிச் சாந்து வழியே ஏறும் வெடிப்பு பெரும்பாலும் அத்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதால் வருவது. மயிரிழை போன்ற செங்குத்து வெடிப்பு அநேகமாகச் சுருக்கத்தால் வருவது. பெருக்கிறதா என்று பென்சிலால் நுனியைக் குறித்துத் திகதி எழுதி வையுங்கள், போதும்.

இன்னொரு நிறுவனம் உள்பக்கம் வாய்க்கால் வெட்டி சம்ப் பம்ப் (குழியில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் பம்ப்) வைத்தால் எல்லாம் சரி என்றது. தண்ணீர் போகும், உண்மைதான். ஆனால் மண்ணின் தள்ளல் அப்படியே இருக்கும். சுவரில் ஒட்டும் கார்பன் ஃபைபர் பட்டியும் சுவர் மேலும் வளையாமல் பிடிக்குமே தவிர, வளைந்ததை நிமிர்த்தாது. எங்களுக்குப் பொறியியலாளர் எழுதித் தந்தது, வெளியே அத்திவாரம் வரை தோண்டி, நீர்த்தடுப்புப் படலம் ஒட்டி, வீப்பிங் டைல் (அத்திவாரத்தடியில் தண்ணீரை வடிக்கும் துளைக் குழாய்) மாற்றி, உள்ளே பட்டி வைப்பது. அப்புறம் கூரைத் தண்ணீர்க் குழாயைச் சுவரிலிருந்து தள்ளி விட்டு, மண்ணைச் சுவரிலிருந்து வெளிப்பக்கம் சரிவாக்குவது.

ஒன்ராறியோவில் வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை, பிரதி கிடைத்த 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். பொய் சொல்லி விற்றிருந்தால் ஒரு வருடம் வரை அவகாசம் உண்டு. 'இண்டைக்கே' என்று அவசரப்படுத்துபவர் இதைச் சொல்லமாட்டார். பொறியியலாளரின் உரிமத்தை மாகாணப் பொறியியலாளர் சங்கத்தின் இணையத்தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம்.

நிறுவனத்தின் பெயரை இங்கே கேட்க வேண்டாம், முறைப்பாடு நடந்துகொண்டிருக்கிறது. பாதிப் பணம் தருகிறோம், வெளியில் பேசமாட்டோம் என்று எழுதித் தாருங்கள் என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டோம்.